கான்டாக்ட் ஃப்ரேம் மாட்டப் போறீங்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீங்க

"அக்கா, ரேம் பாதியாயிடுச்சு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். பெங்களூர் அலசூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையன். கல்யாண வீடியோ எடிட்டிங் அவனுக்குத் தொழில். முந்தின நாள் எஸ்.பி. ரோட்டில் கான்டாக்ட் ஃப்ரேம் ஒன்று, அதாவது பிராசஸரை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும் சட்டம், வாங்கி வந்து, ராத்திரியே உட்கார்ந்து தானே மாட்டியிருக்கிறான். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸும் வருகிறது. ஆனால் 32 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 16 தான் காட்டுகிறது. "ரேம் போயிடுச்சா அக்கா, புதுசு வாங்கணுமா?"

ரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிராசஸர்மேல் இருக்கும் கூலரை இறக்கி, ஃப்ரேமின் நாலு ஸ்க்ரூவையும் தளர்த்தி, திரும்ப அளவாக முறுக்கியதும் 32 வந்துவிட்டது. "நல்லா டைட்டா இருந்தாத்தானே சூடு நல்லா இறங்கும்?" என்று கேட்டான். இந்த நினைப்பில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன. கான்டாக்ட் ஃப்ரேமின் வேலை அழுத்தத்தைக் கூட்டுவது அல்ல, நாலு பக்கமும் சமமாகப் பரப்புவது. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

எதற்காக வந்தது இந்த ஃப்ரேம்?

2021 நவம்பரில் இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர்களோடு, அவை மதர்போர்டில் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் பிராசஸர் 37.5 மி.மீ. சதுரம். புதியது 37.5க்கு 45 மி.மீ. நீள்சதுரம். உருவம் நீண்டதே தவிர, அதைப் பிடித்து அழுத்தும் ஐஎல்எம் என்ற இரும்புச் சட்டம் பழைய பாணியிலேயே இருந்துவிட்டது. நீளப் பக்கங்களின் நடுவில், இரண்டே இடத்தில் அழுத்துகிறது. கயிற்றுக் கட்டிலில் நடுவே ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நடு தாழும், தலைமாடும் கால்மாடும் தூக்கி நிற்கும். பிராசஸரின் மேல்தகட்டுக்கும் அதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். கூலரின் அடிப்பாகம் இரண்டு ஓரங்களில் நன்றாகப் படிகிறது. சூடு பிறக்கும் நடுப்பகுதியில், இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் தடித்து நிற்கிறது.

2022 தொடக்கத்தில் ஜெர்மனியின் இகோர் வாலோசெக், ஐஎல்எம்முக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். அதே வருஷம், டெர்பாவர் என்ற பெயரில் அறியப்படும் ரோமன் ஹார்ட்டுங் வடிவமைத்த ஃப்ரேமை தெர்மல் கிரிஸ்லி வெளியிட்டது. தெர்மல்ரைட்டும் குறைந்த விலையில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஐஎல்எம்மைக் கழற்றிவிட்டு, அதே ஸ்க்ரூக்களால் இந்த ஒற்றைத்துண்டு அலுமினியச் சட்டத்தைப் பொருத்தினால், அது நாலு விளிம்பையும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளும். வாஷர் வேலையை இனி யாரும் செய்யவேண்டாம் என்பது என் கருத்து. நாலு வாஷரும் ஒரே தடிமனாக அமைவதில் சந்தேகம், மாட்டும்போது கைதவறி சாக்கெட்டிலுள்ள மெல்லிய பின்கள்மேல் விழும் அபாயம் வேறு.

தேவையில்லாத மெஷினுக்கு வாங்குவது

ஐ9-13900கே போன்ற பிராசஸர் உச்சத்தில் 253 வாட் இழுக்கும். 12900கே என்றால் 241. இவற்றில் ரெண்டரிங் மாதிரி நீண்ட வேலை ஓட்டுபவருக்கு ஃப்ரேம் உதவும். ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் தான். அது 95 டிகிரியில் கொதிக்கிறது என்றால், பெட்டியோடு வந்த சின்ன கூலர்தான் காரணமாக இருக்கும். இல்லையென்றால் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கேபினெட் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். கட்டட வேலை ஓயாத இந்த ஊரில் மூன்று மாதத்தில் ஃபில்டர் சாம்பல் நிறப் போர்வையாகிவிடுகிறது. அதையெல்லாம் சரிசெய்த பிறகு ஃப்ரேமைப் பற்றி யோசிக்கலாம்.

மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில், பிராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கான வரம்பான பவர் லிமிட்டையும் பாருங்கள். பல மதர்போர்டுகள் தாமாகவே வரம்பை எடுத்துவிட்டு, பிராசஸரைக் கேட்ட அளவுக்கு இழுக்க விடுகின்றன. இன்டெல் சொன்ன அளவுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தாலே சிலருடைய பிரச்சினை பைசா செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

சாக்கெட் மாறிப்போவதும் நடக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5க்கு விற்கும் ஃப்ரேமின் முக்கியமான உபயோகம், பிராசஸரின் ஓரத்தில் உள்ள வெட்டுகளுக்குள் பேஸ்ட் வழியாமல் தடுப்பது. சூடு பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா பிராசஸர்களின் சாக்கெட் எல்ஜிஏ1851. அதற்கான சில போர்டுகளில் அழுத்தம் குறைந்த ஐஎல்எம்மே பொருத்தி வருகிறது. போர்டின் விவரத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அளந்து வைக்காமல் ஆரம்பிப்பது

"முன்னாடி 96, இப்போ 84, பன்னிரண்டு டிகிரி குறைஞ்சுது" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். முதல் அளவு ஏப்ரல் மத்தியானம் எடுத்தது, இரண்டாவது ஜூலை மழை நாளில் ராத்திரி எடுத்தது. பெங்களூருக்கு ஏசி தேவையில்லை என்ற காலம் போய்விட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் இந்த ஊரே 38 டிகிரியைப் பார்த்தது. ஒரே அறையில் மத்தியானத்துக்கும் விடியற்காலைக்கும் நடுவே பல டிகிரி ஏறி இறங்கும், அந்த வித்தியாசம் அப்படியே பிராசஸரின் கணக்கில் சேரும். அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பிராசஸர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து வருவதை ஒப்பிடுங்கள்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. இந்த இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும். ஏற்கெனவே 100இல் முட்டிக்கொண்டிருந்த மெஷினில் ஃப்ரேம் மாட்டிய பிறகும் 100 காட்டலாம். வேஸ்ட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மெஷினின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வாட்டையும் கிளாக்கையும் (பிராசஸரின் வேகம்) பாருங்கள். முன்பு 220 வாட்டில் 100 தொட்டது இப்போது 240 வாட்டில் தொடுகிறது என்றால், ஃப்ரேம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிராசஸரை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை பத்து நிமிஷம் ஓட்டி, ஸ்கோர், வாட், கிளாக், சூடு நாலையும் எழுதி வையுங்கள்.

பழைய பேஸ்ட்டை மாற்றியதால் வந்த பலனையும் ஃப்ரேமின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பொறுமை உள்ளவர்கள் முதலில் பேஸ்ட்டை மட்டும் புதிதாகப் போட்டு ஒருமுறை அளக்கலாம். பல மாதம் ஐஎல்எம்மில் இருந்த பிராசஸரின் தகடு நிரந்தரமாகவே சற்று வளைந்திருக்கலாம். புது பிராசஸரில் கிடைக்கும் அளவுக்கு அதில் பலன் கிடைக்காது.

கேபினெட் நின்ற வாக்கிலேயே கழற்றுவது

சாக்கெட்டின் பின்னால் ஒரு பேக்பிளேட் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது இதே நாலு ஸ்க்ரூதான். நிற்கும் கேபினெட்டில் கடைசி ஸ்க்ரூ வெளியே வந்ததும் பேக்பிளேட் பின்னால் விழும். பிராசஸரும் பிடிமானம் இல்லாமல் நிற்கும். போர்டைக் கழற்றி, மேஜைமேல் சமமாகப் படுக்கவைத்துச் செய்யுங்கள். அடியில் பேக்பிளேட் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ தலை நட்சத்திர வடிவம். டார்க்ஸ் டி20 சாவிதான் பொருந்தும். பொருந்தாத ஆலன் கீயை வைத்து ஒப்பேற்றினால் தலை வழுக்கிப்போகும், பிறகு அது கழலவே கழலாது.

பிராசஸரை வெளியே எடுத்துவிட்டு ஐஎல்எம்மைக் கழற்றலாமா? வேண்டாம். ஆரம்ப காலத்தில் நான் அப்படித்தான் செய்தேன். கடைசி ஸ்க்ரூ சாவி நுனியிலிருந்து நழுவி சாக்கெட்டுக்குள் விழுந்தது. ஆயிரத்து எழுநூறு பின்களில் மூன்று சாய்ந்தன. டார்ச்சும் லென்ஸும் வைத்து, ஊசி முனையால் அவற்றை நிமிர்த்த ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கை எடுக்க முடியாத வேலை அது. ஐஎல்எம் லீவரைத் திறந்து, பிராசஸரை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் பிறகு நாலு ஸ்க்ரூவையும் எடுங்கள். ஸ்க்ரூ விழுந்தாலும் தகட்டின்மேல்தான் விழும், பின்களுக்கு ஒன்றும் ஆகாது.

பலம் கொண்ட மட்டும் திருகுவது

ஃப்ரேமுக்கும் தலை கால் உண்டு. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிராசஸர்மேல் மெல்ல வைத்து, நாலு ஸ்க்ரூவையும் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று விடுங்கள். பிறகு சாவியால், எதிரெதிர் மூலையாக, ஸ்க்ரூ ஃப்ரேமைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். தொட்டுவிட்டது என்பது விரலுக்கே தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூலைக்கும் கால் சுற்று, அதுவும் எதிரெதிராக. ஒரு மூலையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பிராசஸர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். உங்கள் ஃப்ரேமின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

கை எங்கே பிடிக்கிறது என்பதும் முக்கியம். எல் வடிவச் சாவியின் குட்டைக் காலை ஸ்க்ரூவில் விட்டு நீளமான காலைப் பிடித்துத் திருகினால், நெம்புகோல் மாதிரி நமக்குத் தெரியாமலே பெரிய பலம் இறங்கிவிடும். நீளமான காலை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைக் காலை இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் திருப்புங்கள். விரல் தயங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். என் கையால் மாட்டிய ஃப்ரேம்களில் தகராறு குறைந்தது இந்தப் பழக்கத்துக்கு வந்த பிறகுதான்.

அதிகம் முறுக்கினாலும் சரி, குறைவாக முறுக்கினாலும் சரி, அறிகுறிகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிஸ்ப்ளே வராது, அல்லது ஒரு ரேம் சேனல் காணாமல் போகும், அல்லது நன்றாக ஓடுவது போல இருந்து திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். பிராசஸரின் அடியில் உள்ள சில பின்கள் ஒழுங்காகத் தொடவில்லை என்பதே பொருள். ரேமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ (பவர் சப்ளை) மாற்ற ஓடுவதற்கு முன், ஃப்ரேமை முழுவதும் தளர்த்தி முதலிலிருந்து முறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது சரிவராது. மாட்டி முடித்ததும் பயாஸில் முழு ரேமும் தெரிகிறதா என்று பார்த்து, ஒரு இரவு மெமரி டெஸ்ட்டும் ஓட்டிவிடுங்கள்.

கூலரை மறந்துவிடுவது

பிராசஸர் நீளமானது, ஆகவே நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதாது. நீளவாக்கில் ஒரு கோடு, இல்லையென்றால் பெருக்கல் குறி மாதிரி இடுங்கள். அள்ளிப் பூசினாலோ ஃப்ரேமுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கிக்கொள்ளும், துடைத்து மாளாது. கூலர் ஸ்க்ரூவும் எதிரெதிர் மூலையாகத்தான்.

பலரும் யோசிக்காத விஷயம், கூலரின் அடிப்பாகத்தின் வடிவம். நடு தாழ்ந்த பிராசஸருக்கு ஈடாக, நடு சற்றுப் புடைத்த அடிப்பாகத்தோடு சில கூலர்கள் வருகின்றன. நாக்டுவா 2024இல் வெளியிட்ட என்எச்-டி15 ஜி2வை மூன்று விதமான அடிப்பாகத்தோடு விற்கிறது. அதிகம் புடைத்தது சாதாரண ஐஎல்எம் போட்ட எல்ஜிஏ1700க்கு, குறைவாகப் புடைத்தது ஃப்ரேம் போட்டதுக்கும் ஏஎம்5க்கும், பொதுவானது எல்லாவற்றுக்கும். அதிகம் புடைத்ததை வைத்துக்கொண்டு ஃப்ரேமும் மாட்டினால், ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்தது போலாகும்.

வாரண்டியை யோசிக்காமல் இறங்குவது

2022இலேயே இன்டெல் தெளிவாகச் சொல்லிவிட்டது: லேசான வளைவு எதிர்பார்த்ததுதான், அதனால் பிராசஸர் வரம்பை மீறாது, சாக்கெட்டிலோ ஐஎல்எம்மிலோ கைவைத்தால் வாரண்டி போகலாம். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு. கழற்றிய ஐஎல்எம்மையும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் ஒரு கவரில் போட்டு போர்டு பெட்டியிலேயே வையுங்கள். என்றாவது சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக நேர்ந்தால் இரண்டும் வேண்டும்.

13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேம் கிராஷ் ஆகிறது, நீலத்திரை வருகிறது என்றால் அதற்கு மருந்து ஃப்ரேம் அல்ல. வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதால் அந்த பிராசஸர்கள் சில பழுதானதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் தந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தும் கொடுத்தது. முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். கோளாறு தொடர்ந்தால், எதையும் கழற்றாமல் வாரண்டிக்குப் போங்கள்.

அந்த எடிட்டிங் பையனின் மெஷினில் 32 ஜிபி திரும்பி வந்த பிறகு, சினிபெஞ்சைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம். முன்பு எடுத்த அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். அன்றைய தேதி, அறைச் சூடு 27, பிராசஸர் 86, வாட் 230 என்று ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி, கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.