மொத தடவை வீட்டுல பிரெட் சுடப்போறீங்களா? கடிகாரத்தைப் பாக்காதீங்க, மாவைப் பாருங்க

நான் மொதமொத சுட்ட பிரெட்டை வெட்ட பல்லு வச்ச கத்தி கூட பத்தல, அவ்ளோ கெட்டி. ரெண்டாவதும் அப்படித்தான், மூணாவது கொஞ்சம் பரவால்ல, ஆனா வீட்ல யாரும் ரெண்டாவது துண்டு கேக்கல. மூணு தடவையும் வீடியோல "ஒரு மணி நேரம் மூடி வைக்கவும்"னு சொன்னாங்க, நானும் அலாரம் வச்சு கரெக்டா ஒரு மணி நேரத்துல எடுத்தேன். நாலாவது தடவை மாவைப் பிசைஞ்சு மூடி வச்சிட்டு ஒரு வேலையா வெளிய போனவ திரும்பி வந்தப்ப ரெண்டரை மணி நேரம் ஆகியிருந்துச்சு, மாவு பொங்கி மூடியை முட்டிக்கிட்டு நிக்குது, சரி இதுவும் போச்சுன்னு நெனச்சுதான் சுட்டேன், அதுதான் எனக்கு வந்த மொத நல்ல பிரெட். என் சமையலறை குளிரா இருந்துச்சு, வீடியோ எடுத்தவங்க சமையலறை சூடா இருந்திருக்கும், அவ்ளோதான் விஷயம். ஈஸ்ட்டுக்கு மணி பாக்கத் தெரியாது.

அதனால இந்த போஸ்ட்ல நேரம் சொல்லுவேன், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் மாவு எப்படி இருக்கணும்னும் சொல்லுவேன். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மாவு சொல்றதைக் கேளுங்க.

மொதல்ல கடைக்குப் போவோம்

மைதா பாக்கெட்டைத் திருப்பி பின்னாடி பாருங்க, 100 கிராம்ல புரோட்டீன் எவ்ளோன்னு போட்டிருக்கும். 11 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா பிரெட்டுக்கு நல்லது, 12, 13 இருந்தா சூப்பர். 9 கிட்ட இருக்கறது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் சரி, பிரெட்டு செஞ்சா வரும் ஆனா உயரம் கம்மியா இருக்கும். காரணம் என்னன்னா கோதுமைல இருக்கற ரெண்டு வகைப் புரோட்டீன் தண்ணியோட சேந்து குளூட்டன்னு ஒரு ரப்பர் வலை மாதிரி ஆகுது, ஈஸ்ட் விடுற கேஸை அந்த வலைதான் பிடிச்சு வைக்குது. வலை வீக்கா இருந்தா கேஸ் ஓடிப்போயிடும். முழுக்க கோதுமை மாவுலயே செய்யணும்னு ஆசைப்படுறவங்க மொத தடவை வேண்டாம், அதுல இருக்கற தவிடு வலையை அங்கங்க அறுத்து விட்டுடும், வேணும்னா 400ல 100 கிராம் மட்டும் கோதுமை மாவு சேத்துப் பாருங்க.

ஈஸ்ட்ல இன்ஸ்டன்ட்னு போட்டிருக்கறதை வாங்குங்க, அது பொடிப்பொடியா இருக்கும், நேரா மாவுலயே கலந்துடலாம். ஆக்டிவ் டிரைன்னு இருந்தா அது கொஞ்சம் பெரிய உருண்டைகளா இருக்கும், அதை வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு பத்து நிமிஷம் வச்சு நுரை வருதான்னு பாத்துட்டுதான் போடணும், அளவும் கால் பங்கு கூடப் போடணும். எதுவா இருந்தாலும் சின்ன பாக்கெட்டா வாங்குங்க, தேதி பாத்து வாங்குங்க, கூட்டம் வந்து போற கடையா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா மாசக்கணக்கா அலமாரில கெடந்த ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்காது. ஒடைச்ச பாக்கெட்டை காத்துப் புகாத டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சிடுங்க.

அப்புறம் ஒரு டிஜிட்டல் தராசு. இதுக்கு மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன். கப்பால மாவு அள்ளினா ஒரு கப் 120 கிராமும் வரும், அமுக்கி அள்ளினா 150ம் வரும். மூணு கப்புக்கு எவ்ளோ வித்தியாசம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, அப்புறம் "அளவெல்லாம் கரெக்டாதான் போட்டேன், கல்லு மாதிரி வந்துச்சு"ன்னு சொன்னா எப்படி.

அளவு

மைதா 400 கிராம்
தண்ணி 260 கிராம் (இதையும் தராசுலயே வைங்க)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன்
சர்க்கரை 16 கிராம்
உப்பு 8 கிராம்
உருகாத, ஆனா மெத்துனு இருக்கற வெண்ணெய் 24 கிராம்

9க்கு 5 இன்ச் பிரெட் டின் ஒண்ணு வேணும், இல்ல அதைவிட கொஞ்சம் சின்னது. பிரெட் சுடுறவங்க எல்லாத்தையும் மாவை 100ன்னு வச்சுதான் கணக்குப் பண்ணுவாங்க, இதுல தண்ணி 65, உப்பு 2, சர்க்கரை 4, வெண்ணெய் 6. இந்தக் கணக்கு பிடிபட்டுச்சுன்னா 250 கிராம் மாவுக்கும் நீங்களே போட்டுக்கலாம், ரெசிபி தேடவே வேண்டாம். உங்க மாவுல புரோட்டீன் கம்மின்னா தண்ணியை 240க்கு இறக்கிக்கங்க.

ஸ்டெப் 1: கலந்துட்டு சும்மா விடுங்க

தண்ணி கைக்கு இதமா இருக்கணும், சுடக்கூடாது. ஈஸ்ட்ங்கிறது உயிரோட இருக்கற பூஞ்சை, 55, 60 டிகிரில செத்துப்போயிடும், கொதிக்கற தண்ணியைக் கொஞ்சம் ஆறவச்சு ஊத்தினேன்னு சொல்றவங்க பிரெட்டு பொங்காததுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். சந்தேகமா இருந்தா பச்சைத் தண்ணியே ஊத்துங்க, லேட்டா பொங்கும், ஆனா பொங்கும்.

மாவு, ஈஸ்ட், சர்க்கரை, தண்ணி நாலையும் கரண்டியால கலந்து, காஞ்ச மாவு எங்கயும் தெரியாம ஆனதும் ஒரு தட்டைப் போட்டு மூடி 20, 30 நிமிஷம் விட்டுடுங்க. உப்பும் வெண்ணெயும் இப்ப வேண்டாம். இப்படி மாவை ஊற விடுற முறைக்கு ஆட்டோலிஸ்னு பேரு, ரேமோன் கால்வெல்ங்கிற பிரெஞ்சு பிரெட் வாத்தியார் பரப்புனது, கறாரா பாத்தா ஈஸ்ட்டும் பின்னாடிதான் போடணும், நமக்கு இது போதும். நீங்க ஒண்ணும் பண்ணாம இருக்கற அந்த அரை மணி நேரத்துல மாவு தானே பாதி வலையைப் பின்னிடும், கைவலி பாதியா குறையும்.

ஸ்டெப் 2: பிசையறது

உப்பைத் தூவி ரெண்டு நிமிஷம் பிசைங்க, அப்புறம் வெண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. வெண்ணெய் போட்டதும் மாவு வழுக்கிக்கிட்டு பிஞ்சு பிஞ்சு வரும், பாக்கவே அசிங்கமா இருக்கும், இந்த எடத்துலதான் எல்லாரும் பயந்து போய் ஒரு கை மைதாவை அள்ளிப் போடுவாங்க. போடாதீங்க! நாலஞ்சு நிமிஷம் தொடர்ந்து பிசைஞ்சா தானா சேந்துக்கும். உள்ளங்கையோட அடிப்பாகத்தால முன்னாடி தள்ளி, மடிச்சு, திருப்பி, மறுபடி தள்ளணும், மொத்தம் பத்து பன்னெண்டு நிமிஷம். ஒட்டுச்சுன்னா கையை லேசா தண்ணில நனைச்சுக்கங்க. காய்ஞ்ச மாவுல பிரெட் அழகா பிசைய வரும், தின்ன வராது.

போதுமான்னு எப்படித் தெரியும்? எலுமிச்சை அளவு மாவைப் பிச்சு ரெண்டு கையாலயும் மெதுவா நாலு பக்கமும் இழுங்க. கிழியாம மெல்லிசா வந்து, வெளிச்சத்துல காட்டினா அந்தப் பக்கம் விரல் நிழலாத் தெரிஞ்சா ரெடி. டக்குனு கிழிஞ்சா இன்னும் மூணு நிமிஷம்.

கைல வலு இல்லாதவங்க, மணிக்கட்டு வலி இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு ஓடிடாதீங்க. பிசையாமலே செய்யற ஒரு வழி இருக்கு, ஜிம் லேஹிங்கிற நியூயார்க் பேக்கரோட முறை, 2006ல ஒரு பத்திரிகைல வந்து உலகம் பூரா பரவுச்சு. ஈஸ்ட்டை கால் டீஸ்பூனா குறைச்சு, தண்ணியை கூட்டி, 12 மணி நேரத்துக்கு மேல அப்படியே விட்டா நேரமே பிசையற வேலையைப் பாத்துடுது. அது வேற மாதிரி, முரட்டுத் தோல் வச்ச உருண்டை பிரெட்டா வரும், அதைத் தனியா ஒரு நாள் எழுதுறேன்.

ஸ்டெப் 3: மொத பொங்கல்

லேசா எண்ணெய் தடவுன பாத்திரத்துல வச்சு மூடுங்க. முடிஞ்சா உள்ளாற தெரியற டப்பாவா எடுத்து, மாவு எதுவரைக்கும் இருக்கோ அங்க வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுடுங்க. நான் கத்துக்கிட்டதுலயே உருப்படியான வித்தை இதான். ரப்பர் பேண்ட் இருக்கற உயரத்தைப் போல மாவு ரெண்டு மடங்கு ஆனா முடிஞ்சுது. 27 டிகிரி கிட்ட இருக்கற சமையலறைல ஒரு மணி நேரம், நல்ல வெயில் நாள்ல முக்கா மணியே கூட, குளிர்ல ரெண்டு, ரெண்டரை. அவசரப்பட்டு அடுப்பு மேல, ஹீட்டர் மேலலாம் வைக்காதீங்க, அடிப்பக்கம் மட்டும் சூடேறி ஈஸ்ட் அங்கயே தீந்துடும். ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வைக்கலாம்.

ராத்திரி ஆயிடுச்சு, தூக்கம் வருதுன்னா மாவை அப்படியே மூடி ஃப்ரிட்ஜ்ல தள்ளிட்டுப் போய் படுங்க. குளிர்ல ஈஸ்ட் மெதுவா வேலை பாக்கும், காலைல எடுத்து செஞ்சா ருசி இன்னும் கூடும், எனக்கு இப்பல்லாம் இதான் பழக்கம்.

ஸ்டெப் 4: உருவம்

மாவை மேடைல கவுத்து கையால தட்டி டின் நீளத்துக்கு ஒரு செவ்வகமா பண்ணுங்க. இப்ப பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமா சுருட்டி, கடைசி ஓரத்தைக் கிள்ளி ஒட்டிட்டு, அந்த ஒட்டு அடிப்பக்கம் வர்ற மாதிரி எண்ணெய் தடவுன டின்ல வைங்க. லூசா சுருட்டினா உள்ள பெரிய பொந்து விழும்.

ஸ்டெப் 5: ரெண்டாவது பொங்கல்

இதுதான் நிறைய பேர் கோட்டை விடுற எடம். ஈரத்துணியோ பெரிய டப்பாவோ போட்டு மூடி வைங்க, மாவு டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் எட்டிப்பாக்கணும், 40 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். விரலைக் காஞ்ச மாவுல தொட்டுக்கிட்டு, பொங்கின மாவை லேசா அழுத்துங்க. குழி உடனே எகிறி மூடிக்கிச்சுன்னா இன்னும் டைம் வேணும். மெதுவா பாதி மட்டும் மேல வந்துச்சுன்னா ஓவனுக்குள்ள விடுங்க. குழி அப்படியே நின்னுடுச்சுன்னா கொஞ்சம் லேட் பண்ணிட்டீங்க, அப்பவும் தூக்கிப் போடாதீங்க, வெளிய எடுத்து மறுபடி சுருட்டி இன்னொரு தடவை பொங்க விடலாம், ஒருவாட்டி மன்னிச்சு விட்டுடும்.

மாவு டின் விளிம்பை நெருங்கறப்பவே ஓவனை 200 டிகிரி செல்சியஸ்ல போட்டுடுங்க, 20 நிமிஷமாவது சூடாகணும். ஓடிஜின்னா (மேஜைல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்) மேல கீழ ரெண்டு ராடும் சூடாகற மாதிரி வைங்க, மைக்ரோவேவ்ல கன்வெக்‌ஷன் இருந்தா அதுல 180. வெறும் மைக்ரோவேவ்ல மட்டும் முயற்சி பண்ணாதீங்க, வெளுத்துப்போன ரப்பர்தான் கெடைக்கும்.

ஸ்டெப் 6: சுடுறது

கீழ் தட்டுல வைங்க, 30ல இருந்து 35 நிமிஷம். மொத பத்து நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது, ஈஸ்ட் சாகறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு பாய்ச்சல் காட்டும், உள்ள இருக்கற கேஸும் சூட்டுல விரியும், பிரெட்டு கண்ணு முன்னாடியே எழும்பும், கண்ணாடி வழியா பாக்க ஜாலியா இருக்கும். 20 நிமிஷத்துலயே மேல கறுக்க ஆரம்பிச்சா ஃபாயில் பேப்பரை லூசா போத்தி விடுங்க. ஓவன் திருகுல காட்டுற சூடும் உள்ள இருக்கற சூடும் எப்பவும் ஒண்ணா இருக்காது, எங்க வீட்டுது 200ன்னு வச்சா 180தான் வருது, தனியா ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி வச்ச அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

வெந்துடுச்சான்னு பாக்க டின்ல இருந்து கவுத்து அடிப்பக்கம் தட்டுங்க, காலி டப்பா மாதிரி சத்தம் வரணும். குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 90ல இருந்து 95 டிகிரி. அடியும் பக்கமும் பழுப்பா இல்லாம வெளிறி இருந்தா டின் இல்லாம மறுபடி அஞ்சு நிமிஷம் உள்ள வைங்க.

ஸ்டெப் 7: ஆற விடுறது

ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலைன்னு சொல்லுவாங்களே, அது இதுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். வீடு பூரா வாசனை, எல்லாரும் தட்டோட வந்து நிப்பாங்க. கம்பி ஸ்டாண்டுல வச்சு ஒரு மணி நேரம் தொடவே விடாதீங்க, உள்ள இருக்கற மாவுச்சத்து அப்பதான் கெட்டிப்படுது, ஆவியும் வெளிய போகுது. சூடா வெட்டினா கத்தில ஒட்டிக்கிட்டு நடுவுல களி மாதிரி இருக்கும், வேகலையோன்னு நெனச்சுடுவீங்க, ஆனா வெந்துதான் இருக்கும்.

மொத துண்டை வெட்டினதும் உள்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. அடில கெட்டியா ஒரு பட்டை, மேல பொத்தல் பொத்தலா இருந்தா பொங்கினது பத்தல. மேல தட்டையா அமுங்கி, தொட்டா உதிருதுன்னா பொங்கினது ஜாஸ்தி. உப்பு மறந்திருந்தா மொத கடிலயே தெரிஞ்சுடும், எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு. இந்தக் கண்ணு வந்துடுச்சுன்னா வெளிய சாப்பிடப் போற எடத்துலயும் சும்மா இருக்க முடியாது, மேஜைல பிரெட்டு வந்தவுடனே திருப்பி அடியைப் பாக்கறது, பிச்சு மோந்து பாக்கறதுன்னு என்னோட வர்றவங்களுக்கு இதே ரோதனை. ஆனா அப்படித்தான் கத்துக்க முடியும், நல்லா இருந்தா பரிமாறுறவங்க கிட்டயே எவ்ளோ நேரம் பொங்க விடுறீங்கன்னு கேட்டுடுவேன்.

மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, அந்தக் குளிர்லதான் பிரெட்டு சீக்கிரமா வறண்டு விறைச்சுப் போகும். ரெண்டு நாளைக்கு வெளிலயே மூடி வைக்கலாம், அதுக்கு மேலன்னா துண்டு போட்டு ஃப்ரீசர்ல வச்சு, வேணும்கறப்ப நேரா டோஸ்டர்ல போடுங்க. ரெண்டு ஓரத்துத் துண்டும் எங்க வீட்ல ஃப்ரீசர் வரைக்கும் போனதே இல்ல, அது சுட்டவங்களுக்குன்னு நானே ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கேன்.