கால் நீட்டும் அறுவை சிகிச்சை: தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்

உயரம் கூட்டக் காலை நீட்டிக்கொண்டவர்கள் எலும்பையே நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் பாடாய்ப் படுத்துவது தசைதான். அறுத்த எலும்பின் இரு முனைகளும் நாளுக்குச் சுமார் 1 மி.மீ., பெரும்பாலும் 0.25 வீதம் நான்கு தடவையாக விலகும். கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகி, குதிகால் தரையில் படாமல் போய்விடும். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் முட்டியும் மடங்கியபடியே இறுகும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். அப்புறம், நீளத் துண்டு ஒன்றை முன்பாதத்தில் மாட்டி, முட்டியை மடக்காமல், மெதுவாக உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள், பிசியோ சொன்ன கணக்கில், தினமும் பல முறை. சிகரெட்டா? எலும்பு கூடும்வரை வேண்டவே வேண்டாம். கால் விரல் மரத்தாலோ கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.