என்எஃப்எல் டிராஃப்டுக்கு ஒரு கல்லூரி வைடு ரிசீவரை எடைபோடுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகள், டிராஃப்ட் என்ற நிகழ்வில் 7 சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதிகமாக ஏமாற்றுவதும் அதிகமாக ஆச்சரியப்படுத்துவதும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவர்கள்தான் என்பது என் எண்ணம். 2023இல் பூக்கா நக்குவாவை 5ஆம் சுற்றில், 177ஆவது வீரராக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்தது. முதல் ஆண்டிலேயே அவர் 105 கேட்ச், 1,486 யார்டு எடுத்தார். இரண்டுமே அப்போதைய புதுமுகச் சாதனைகள். எல்லா அணிகளும் அவரை நான்கு சுற்றுகளுக்கு மேல் கடந்து போயிருந்தன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பந்து கைக்கு வருவது கடைசி அரை நொடிதான். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில், தன்னைத் தடுக்க நிற்கும் எதிரணி கார்னர்பேக்கிடமிருந்து ரிசீவர் எப்படி விலகினார் என்பதுதான் என்எஃப்எல்லுக்கும் கூடவே போகும் திறமை. அதைக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். டவுன், ஸ்னாப், டச் டவுன் போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரியான ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

தொகுப்பு வீடியோக்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவற்றில் எல்லாக் கல்லூரி வீரர்களும் நட்சத்திரங்களாகத்தான் தெரிவார்கள். முழு ஆட்டங்களாக மூன்று நான்கு போதும், ஆனால் யோசித்து எடுங்கள். எதிரணியில் டிராஃப்டுக்குப் போகக்கூடிய நல்ல கார்னர்பேக் இருந்த ஆட்டம் ஒன்று, நம் ரிசீவர் சரியாக ஆடாத ஆட்டம் ஒன்று, முந்தைய ஆண்டு ஆட்டம் ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பதைக் கடைசிப் படியில் ஒரு உண்மையான வீரரை வைத்துக் காட்டுகிறேன்.

டிவி ஒளிபரப்பில் ஒரு தொல்லை உண்டு. கேமரா பந்தோடு போவதால், ஸ்னாப் ஆனதும் ரிசீவர் பல சமயம் திரைக்கு வெளியே போய்விடுவார். 22 பேரும் தெரியும் கோணத்தில் எடுத்த வீடியோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதல் 5 யார்டையும் ரீப்ளேக்களையும் கவனமாகப் பாருங்கள். அதிலேயே நிறைய கிடைக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் களத்தில் இருந்த ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். பந்து அவருக்கு வந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. பந்து வீசும் குவாட்டர்பேக் அவரைப் பார்க்காமல் விட்ட ஸ்னாப்புகளில்தான் பெரும்பாலும் உண்மை ஒளிந்திருக்கும்.

படி 2: எங்கே நிற்கிறார்?

ரிசீவர் நிற்கும் இடங்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பந்து வைக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டின் மேலேயே, பக்கவாட்டுக் கோட்டுக்கு அருகே நிற்பவர் எக்ஸ். கார்னர்பேக் நேருக்கு நேர் வந்து கை வைத்துத் தடுப்பது இவரைத்தான் அதிகம். மறுபக்கம் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நிற்பவர் இசட். அந்த ஓரடி அவருக்கு மூச்சு விட இடம் தருகிறது, ஸ்னாப்புக்கு முன் இடம் மாறி ஓடவும் முடியும். இவர்களுக்கு உள்பக்கம் நிற்பவர் ஸ்லாட்.

கல்லூரியில் ஸ்லாட்டில் மட்டுமே நின்று ஆயிரம் யார்டு எடுத்தவரை என்எஃப்எல்லில் எக்ஸாக நிறுத்த முடியுமா என்பது தனிக் கேள்வி. அதனால் ஒவ்வொரு வரியிலும் எங்கே நின்றார் என்பதை முதலில் குறித்துவிடுங்கள்.

கூடவே மைதானத்தையும் பாருங்கள். பந்தை எவ்வளவு ஓரமாக வைக்கலாம் என்பதற்கு எல்லை ஹேஷ் கோடுகள். கல்லூரி ஆட்டத்தில் இந்த இரண்டு கோடுகளுக்கு இடையே 40 அடி தூரம், என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஹேஷ் கோட்டில் வைக்கப்பட்டால் மறுபக்கத்தில் பெரிய வெட்டவெளி கிடைக்கும். அந்த அகலத்தில் மட்டுமே ஜெயிப்பவருக்கு என்எஃப்எல்லில் இடம் சுருங்கிவிடும்.

படி 3: முதல் 5 யார்டு

என்னைக் கேட்டால் இந்தப் படிக்குத்தான் பாதி நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

கார்னர்பேக் ஒரு கை தூரத்தில் வந்து நிற்பதை பிரெஸ் என்பார்கள். ஸ்னாப் ஆனதும் ரிசீவர் அவரைக் கடந்து ஓடத் தொடங்குவது ரிலீஸ். கபடியில் பாடிப் போகிறவர் ஒரு பக்கம் தோளைக் காட்டி, எதிராளி எடையை அந்தக் காலுக்கு மாற்றியதும் மறுபக்கம் பாய்வாரே, அதே வேலைதான் இங்கேயும்.

பார்க்க வேண்டியவை இவை. முதல் அடி முன்னே போகிறதா, பின்னே போகிறதா? பின்னே வைத்தால் நேரம் வீண். கார்னர்பேக் நீட்டும் கையைத் தட்டிவிடத் தெரிகிறதா, அல்லது நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறாரா? ஒரே தந்திரத்தை ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளிலும் செய்கிறாரா, இரண்டு மூன்று வைத்திருக்கிறாரா? தள்ளப்பட்டால் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஒதுங்கிவிடுகிறாரா? அப்படி ஒதுங்கினால் குவாட்டர்பேக்குக்குப் பந்து போட இடமே இருக்காது.

என்எஃப்எல்லில் 5 யார்டைத் தாண்டியபின் ரிசீவரைக் கை வைத்துத் தடுக்கக் கூடாது. கல்லூரியில் அந்த 5 யார்டுக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே கல்லூரியிலேயே தொந்தரவுக்கு நடுவில் விலகிக் காட்டியவர் என்றால் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

பல கல்லூரி ஆட்டங்களில் பிரெஸ் மிகக் குறைவாகவே வரும். ஒரு முழு ஆட்டத்தில் நாலைந்து தடவை மட்டுமே பார்க்க நேரலாம். அப்போது, டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சிறப்பு ஆட்டமான சீனியர் பவுல் உதவும். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தில் நடக்கும் அந்த வாரத்தில், ஒரு ரிசீவர், ஒரு கார்னர்பேக் என்று நேருக்கு நேர் பயிற்சி உண்டு. 2019இல் டெரி மெக்லாரின் அங்கேதான் எல்லோர் கண்ணிலும் பட்டார். ஒஹாயோ ஸ்டேட்டில் கடைசி ஆண்டில் அவர் எடுத்தது 35 கேட்ச்தான். வாஷிங்டன் அவரை 3ஆம் சுற்றில் 76ஆவதாக எடுத்தது. முதல் ஆண்டிலிருந்தே அந்த அணியின் முதன்மை ரிசீவர் அவர்தான்.

படி 4: எந்த ரூட்டுகளை ஓடுகிறார், எப்படித் திரும்புகிறார்?

ரூட் என்பது ரிசீவர் ஓட வேண்டிய பாதை. ரூட்டுகளுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்திருப்பார்கள். பொதுவாகப் புழங்கும் முறையில் 1 ஃபிளாட், 2 ஸ்லாண்ட், 3 கம்பேக், 4 கர்ல், 5 அவுட், 6 டிக், 7 கார்னர், 8 போஸ்ட், 9 கோ. ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் வெளிப்பக்கம் போகும், இரட்டைப்படை உள்பக்கம் வரும். 9 நேராக ஓடுவது. உங்கள் வரிகளில் இந்த எண்ணையே எழுதினால் சுலபம்.

நான்கு ஆட்டம் முடிந்ததும் எண்களைக் கூட்டிப் பாருங்கள். கோட்டுக்கு அருகிலேயே வீசும் குட்டிப் பாஸ்களான ஸ்கிரீன் பாஸ்களைத் தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் அவற்றில் ரிசீவர் யாரிடமிருந்தும் விலக வேண்டியதில்லை. மிச்சமிருப்பது 2, 4, 9 மட்டும்தான் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தின் கோரி கோல்மன் 2015இல் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதை வாங்கியவர். பேய்லரின் ஆட்டமுறையில் ரிசீவர்கள் ஓடிய ரூட்டுகள் சொற்பம். கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அவரை 2016இல் 15ஆவதாக எடுத்து, இரண்டே பருவங்களுக்குப் பின் ஒரு 7ஆம் சுற்றுத் தேர்வுக்கு பஃபலோவுக்கு அனுப்பிவிட்டது. காயங்களும் அவரைப் படுத்தின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ரூட் பற்றிய கேள்வி டிராஃப்டுக்கு முன்பே இருந்தது.

திரும்பும் விதத்தையும் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போதே இடுப்பைத் தாழ்த்தி இரண்டு மூன்று அடிகளில் நின்று திரும்ப முடிந்தால் அவர் 3, 5, 6 ரூட்டுகளை என்எஃப்எல்லிலும் ஓடுவார். திரும்புவதற்கு முன் நிமிர்ந்துவிடுபவரையும், நாலைந்து குட்டி அடி வைப்பவரையும், போகும் பக்கம் முன்கூட்டியே தலையைத் திருப்புபவரையும் நல்ல கார்னர்பேக் படித்துவிடுவார்.

படி 5: கைகள்

கையை நீட்டிப் பந்தைப் பறிக்கிறாரா, நெஞ்சில் அணைத்துப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். நெஞ்சில் பிடிப்பவரிடமிருந்து பந்தைத் தட்டிவிடுவது எளிது. கல்லூரியில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டாலே கேட்ச், என்எஃப்எல்லில் இரண்டு கால்களும் பட வேண்டும். விதி கேட்காவிட்டாலும் இரண்டாவது காலையும் உள்ளே வைக்கப் பார்ப்பவரைக் கண்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவர் அடுத்த கட்டத்துக்கு ஏற்கெனவே பழகிக்கொண்டிருக்கிறார்.

ஆள் மேல் ஏறிப் பிடிக்கும் கேட்ச்கள் பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒருவர் எடுப்பதெல்லாம் அப்படிப்பட்ட கேட்ச்தான் என்றால், அவரால் விலகவே முடியவில்லை என்றுதான் அர்த்தமாகிறது.

படி 6: இப்போது எண்களைத் திறங்கள்

வீடியோ பார்த்து முடிக்கும்வரை புள்ளிவிவரம் பார்க்காதீர்கள். முதலில் பார்த்தால் கண் அதற்கேற்ப வளைந்துவிடும்.

மொத்த யார்டைவிட, அணியின் பாஸ் யார்டுகளில் அவர் பங்கு எத்தனை சதவீதம் என்பது பயனுள்ளது. வருடத்துக்கு 5,000 யார்டு வீசும் அணியில் 1,000 யார்டும், 2,200 யார்டு வீசும் அணியில் 1,000 யார்டும் ஒன்றல்ல. அடுத்தது வயது. 19 வயதில் அணியின் முதன்மை ரிசீவரானவரும், 23 வயதில் தன்னைவிடச் சிறியவர்களை எதிர்த்து அதைச் சாதித்தவரும் வேறு வேறு. மூன்றாவது, ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரியாக எத்தனை யார்டு என்பது. 2க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது, 3ஐத் தொட்டால் நின்று கவனிக்க வேண்டியவர்.

படி 7: கம்பைன்

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் நடக்கும் உடல்திறன் சோதனை இது. 40 யார்டு ஓட்டம்தான் டிவியில் பெரிய நிகழ்ச்சி. 2017இல் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடிச் சாதனை படைத்தார், சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆவதாக எடுத்தது, முதல் பருவத்தில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69ஆவதாகப் போனார். 2021இல் கேட்ச், யார்டு, டச் டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம் அவருக்கே. 2003இல் அன்குவான் போல்டின் 4.7க்கு மேல் ஓடி 2ஆம் சுற்றுக்கு இறங்கி, முதல் ஆண்டில் 101 கேட்ச் எடுத்தார்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனை முடிவை வீடியோவில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள் என்கிறேன். டிகே மெட்காஃப் 2019இல் 40 யார்டை 4.33இல் ஓடினார், ஆனால் திரும்பித் திரும்பி ஓடும் மூன்று கூம்புச் சோதனையில் 7.38. குவாட்டர்பேக் டாம் பிரேடி அதில் எடுத்தது 7.20! சியாட்டில் சீஹாக்ஸ் அவரை 64ஆவதாக எடுத்து, நேராக ஓடும் ரூட்டுகளையே அதிகம் கொடுத்தது. முதல் ஆண்டில் 900 யார்டு. அந்த இரண்டு எண்களுமே உண்மையைத்தான் சொன்னன.

படி 8: மற்ற அஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் தரப்பு) வீரர்கள்

ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது, ஆரம்பத்துக்கு மட்டும் சொல்கிறேன். தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுக்குக் கேட்ச் எண்ணிக்கையை நம்பாதீர்கள், தடுப்பு வேலையைப் பாருங்கள். ஜார்ஜ் கிட்டில் அயோவாவில் மொத்தமே 48 கேட்ச்தான் எடுத்தார், 146ஆவதாகப் போனார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கிடம், முன்வரிசைத் தடுப்பாளர்களான லைன் திறக்கும் முன்பே வழியை ஊகிக்கும் பொறுமையையும், பாயும் எதிராளியிடமிருந்து குவாட்டர்பேக்கைக் காக்கும் மனதையும் தேடுங்கள். லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்குக் கால் வேகமும் கை நீளமும். கை குட்டையாக இருந்தால் அணிகள் அவரை உள்பக்கக் கார்டு இடத்துக்கு மாற்ற யோசிக்கும்.

படி 9: அறிக்கையை எழுதுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும்: எப்படி ஜெயிக்கிறார், எது அவரைத் தடுக்கும், என்எஃப்எல்லில் எங்கே நிற்பார். 2020 டிராஃப்டுக்கு முன்பு லூசியானா ஸ்டேட்டின் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு இதை எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்.

எப்படி ஜெயிக்கிறார்: வேகத்தை மாற்றி மாற்றிக் கார்னர்பேக்கைக் குழப்புகிறார், உடம்பைத் திருப்பிப் பந்தைக் காற்றிலேயே எடுக்கிறார். 2019 பருவத்தில் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச் டவுன். அரையிறுதியில் ஓக்லஹாமாவுக்கு எதிராக 14 கேட்ச், 227 யார்டு, 4 டச் டவுன்.

எது தடுக்கும்: 2019இல் பெரும்பாலும் ஸ்லாட்டில் நின்றார், பிரெஸ் குறைவு. பந்து வீசியவர் ஜோ பர்ரோ, மறுபக்கம் ஜமார் சேஸ். எதிரணிகள் யாரைக் கவனிப்பது என்று திணறின.

எங்கே நிற்பார்: இங்கேதான் 2018 ஆட்டங்கள் கைகொடுக்கும். அந்த ஆண்டு அவர் அதிகமும் வெளிப்பக்கம் நின்று 54 கேட்ச், 875 யார்டு எடுத்தவர். ஸ்லாட்டுக்கு மட்டும் லாயக்கு என்ற முடிவு அங்கேயே உடைந்துவிடுகிறது. கம்பைனில் 4.43 வந்ததும் மிச்ச சந்தேகமும் தீர்ந்தது. வெளியிலும் உள்ளேயும் நிற்பார், முதல் சுற்று.

டிராஃப்டில் அவருக்கு முன் நான்கு ரிசீவர்கள் போனார்கள். 21ஆவதாக ஃபிலடெல்ஃபியா ஜேலன் ரீகரை எடுத்தது, அடுத்த தேர்வில் மின்னசோட்டா வைகிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்து வெளிப்பக்கம் நிறுத்தியது. முதல் ஆண்டில் 1,400 யார்டு, 2022இல் 1,809.

உங்கள் அறிக்கையில் தேதி போட்டு, டிராஃப்ட் நாளுக்கு முன்பே மூடி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று பருவங்கள் கழித்து எடுத்து, எந்தப் படியில் சரியாகப் பார்த்தீர்கள், எதில் தவறவிட்டீர்கள் என்று அதே நோட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள்.