ஒரே பேரில் மூன்று ஜான்: இங்கிலாந்துக் கிராமத்து மூதாதையரைத் தேடும் முறை

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால், பத்து வருஷத்துக்குள் ஒரே குடும்பப் பெயரில் மூன்று ஜான், நாலு வில்லியம் வந்து நிற்பார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அண்ணன் தம்பி மூவரும் ஆளுக்கொரு மகனுக்கு அப்பா பேரை வைத்தால் குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? கண்ணில் பட்ட முதல் ஜானை எடுத்து வம்சாவளியில் மாட்டிவிட்டால், அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு தலைமுறையும் பக்கத்து வீட்டுக்காரருடையது. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்கள் பல நம்ப முடியாமல் போவது இதனால்தான். எனவே நம் ஆளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. மற்ற ஜான்களைக் கழித்துக்கட்டுவது மீதிப் பாதி.

தெரிந்த ஆளிலிருந்து தெரியாத ஆளுக்குப் பின்னோக்கிப் போங்கள். "எங்கள் குடும்பப் பெயர்க்காரர் ஒருவர் 1650இல் இருந்தாராம்" என்று மேலிருந்து கீழே இறங்காதீர்கள். நம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாராக இருந்தால், மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம். வந்தவர் சிப்பாயாக இருந்தால் பட்டாளத்தில் சேர்ந்த தாளோ விடுவித்த தாளோ பிறந்த பாரிஷின் பெயரைச் சொல்லக்கூடும். பாரிஷ் என்பது நம் கத்தோலிக்கர் சொல்லும் பங்கு, சி.எஸ்.ஐ.காரர் சொல்லும் சேகரம் மாதிரி. கோயிலும் அதைச் சார்ந்த ஊரும். அந்தப் பெயர் கிடைக்காமல் வேலை நகராது.

1837க்கு இந்தப் பக்கம்

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிகிறது. அட்டவணை காலாண்டு வாரியானது: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். அட்டவணையில் வருவது கிராமத்தின் பெயர் அல்ல, பதிவு வட்டத்தின் பெயர். பெரும்பாலும் அருகிலுள்ள சந்தை நகரத்தின் பெயரே வட்டத்துக்கும் இருக்கும். 1875க்கு முன் பதியாமல் விடப்பட்ட பிறப்புகளும் உண்டு. அட்டவணையில் இல்லை என்பதால் பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஜிஆர்ஓ எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837இலிருந்தே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறது. இது பெரிய வரம். சென்சஸில் கிடைத்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் இதில் தேடிப் பாருங்கள். மூத்த மூவருக்கு ஒரு தாய்ப் பெயரும் இளைய இருவருக்கு வேறு பெயரும் வந்தால், அநேகமாக முதல் மனைவி இறந்து இரண்டாம் கல்யாணம் நடந்திருக்கும். சென்சஸில் 'மனைவி' என்றிருப்பவள் மூத்த பிள்ளைகளுக்குச் சிற்றன்னை. இதைப் பார்க்காமல் போனால் தாய்வழி முழுக்கத் தப்பாகிவிடும். இரண்டு சென்சஸுக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தைகளும் இதே தேடலில் கிடைத்துவிடுவார்கள்.

பிறப்புச் சான்றில் தேதியோடு பிறந்த நேரமும் எழுதியிருந்தால், அநேகமாக இரட்டைப் பிள்ளை. திருமணச் சான்றில் வயதுக்குப் பதில் 'முழு வயது' என்றிருந்தால் 21 நிறைந்தவர் என்றுதான் பொருள். அதில் மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். ஆனால் தகப்பன் பேர் தெரியாதவர்கள் வெட்கத்துக்காக ஒரு பெயரைச் சொல்லிவைப்பதும் நடந்தது. காசு மிச்சப்படுத்த ஒரு வழி: 1837 ஜூலைக்குப் பிறகு கோயிலில் நடந்த கல்யாணத்துக்குக் கோயில் பதிவேடும் அரசுச் சான்றும் ஒரே படிவம். பதிவேட்டின் படம் இணையத்தில் இருந்தால் சான்று வாங்கத் தேவையில்லை.

சென்சஸ்

பெயர்வாரியாகப் பயன்படுவது 1841 முதல் 1921 வரை, பத்தாண்டுக்கு ஒன்று. 1931இன் தாள்கள் 1942இல் தீயில் எரிந்துபோயின. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. 1881 கணக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். முதலில் அதில் கை பழகிக்கொண்டு பிறகு கட்டணத் தளங்களுக்குப் போகலாம்.

1841 மற்றவற்றோடு சேராதது. 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள்: 47 என்றால் 45, 39 என்றால் 35. சில கணக்கெடுப்பாளர்கள் இந்த விதியைக் கண்டுகொள்ளாமல் உள்ளபடியே எழுதினார்கள். உறவுமுறை கிடையாது, கல்யாணம் ஆனவரா என்பதும் கிடையாது. பிறந்த இடம் என்பது 'இதே கவுண்டியா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை, அல்லது ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்ற குறி, அவ்வளவே. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. பெயர்களுக்கு இடையே ஒரு சாய்கோடு இருந்தால் அதே வீட்டில் இன்னொரு குடும்பம். இரண்டு சாய்கோடு இருந்தால் அடுத்த வீடு. ஒரே வீட்டில் இருக்கும் 40 வயது ஆணும் 35 வயதுப் பெண்ணும் கணவன் மனைவியாக இருக்கலாம், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம்.

1851இலிருந்துதான் உறவுமுறை, வயது, பிறந்த பாரிஷ் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே உங்கள் ஆள் 1851 மார்ச் 30 வரை உயிரோடு இருந்தாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரே ஆளை எல்லா சென்சஸிலும் தேடிப் பிறந்த இடங்களை வரிசையாக எழுதிவையுங்கள். ஒன்றில் கிராமம், ஒன்றில் பக்கத்துச் சந்தை நகரம், இன்னொன்றில் அவர் வளர்ந்த ஊர் என்று மாறி மாறி வரும். வயதும் இரண்டு மூன்று வருஷம் முன்பின்னாகத்தான் இருக்கும். 1911இல் மணமான பெண்களைப் பெற்ற பிள்ளை எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சேர்த்த பட்டியலை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793 ஜூலை 13 அன்று பிறந்த உழவுத் தொழிலாளிக் கவிஞர் ஜான் கிளேரை எடுத்துக்கொள்வோம். அவர் வாழ்க்கை நன்றாகத் தெரிந்ததுதான். தெரியாத ஒருவராக நினைத்துத் தேடினால் எத்தனை இடத்தில் தடுக்கி விழுவோம் என்பது புரியும். ஊர் அன்று நார்தாம்ப்டன்ஷையர், இன்று கேம்பிரிட்ஜ்ஷையர்; தேடல் பெட்டியில் இன்றைய கவுண்டியைப் போட்டால் ஆள் கிடைக்கமாட்டார். திருமணத்தை ஹெல்ப்ஸ்டன் பதிவேட்டில் தேடினாலும் இல்லை. 1820 மார்ச்சில், பெண் வீட்டுப் பக்கம், ரட்லாந்தின் கிரேட் காஸ்டர்டனில் நடந்தது. கவுண்டியே வேறு. மனைவியை எல்லோரும் 'பாட்டி' (Patty) என்ற செல்லப் பெயரால் கூப்பிட்டார்கள். பதிவுக்கான பெயர் மார்த்தா. 1832இல் குடும்பம் மூன்று மைல் தள்ளி நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. 1841 ஜூன் 6, கணக்கெடுப்பு இரவில், கிளேர் இருந்தது எசெக்ஸின் ஹை பீச்சில், ஒரு மனநல விடுதியில். நார்த்பரோ வீட்டில் அவர் இல்லை. திருமண நிலை கேட்காத அந்த சென்சஸை மட்டும் பார்ப்பவர் மனைவியை விதவை என்று எழுதிக்கொண்டு, 1841க்கு முன்னால் இல்லாத ஒரு அடக்கப் பதிவைத் தேடி நாள்கணக்கில் அலைவார். கிளேர் இறந்தது 1864இல்.

இன்னும் பின்னால் போனால் சிக்கல் வேறு மாதிரி. கிளேரின் அப்பா பெயர் பார்க்கர் கிளேர். 'பார்க்கர்' என்ற ஞானஸ்நானப் பெயர் ஊர்விட்டு ஊர் வந்த ஒரு ஸ்காட்லாந்து வாத்தியாரின் பெயரிலிருந்து வந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் போய்விட்டார். குழந்தைக்குக் கிடைத்த குடும்பப் பெயர் தாயுடையது. முதல் பெயராகவோ நடுப் பெயராகவோ ஒரு குடும்பப் பெயர் வந்து உட்கார்ந்தால் சும்மா விடாதீர்கள். அது தாயின் பிறந்த வீட்டுப் பெயராகவோ பதிவேட்டில் ஏறாத தகப்பன் பெயராகவோ இருக்கலாம்.

தேடுபொறியில் குடும்பப் பெயர் விழவில்லை என்றால் அதை வெறுமையாக விட்டு முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். படியெடுத்தவர் கையெழுத்தைத் தப்பாகப் படித்திருப்பார். 'ஜாஸ்' என்று சுருக்கினால் ஜேம்ஸ், 'ஜோஸ்' என்றால் ஜோசஃப்; கிறுக்கல் எழுத்தில் இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். படியை நம்பி நிற்காமல் மூலப் படத்தைத் திறந்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கம் புரட்டுங்கள். மாமனார் வீடு அங்கேயே இருக்கக்கூடும். 'மாமியார்', 'மருமகன்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை அக்காலத்தில் மாற்றாந்தாய், மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை என்ற பொருளிலும் எழுதினார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பாரிஷ் பதிவேடு

1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவால் தொடங்கியது. அத்தனை பழையது தப்பிய ஊர்கள் குறைவு. 1813 ஜனவரி முதல் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவம் வந்தது: ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், குடியிருப்பு, அப்பாவின் தொழில், அடக்கத்தில் வயது. அதற்கு முன் பல ஊர்களில் ஒரே வரிதான்: இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்த ஜான். திருமணத்துக்கு 1754 மார்ச் 25 முதல் தனிப் படிவம். கையெழுத்து அல்லது கைநாட்டுச் சிலுவைக்குறி, சாட்சிகள் இருவர். சாட்சிகள் பெயரை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அண்ணன், அக்காவாக இருப்பார்கள். அப்போதிருந்து 1837 வரை குவேக்கர் சபையினரும் யூதர்களும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) கோயிலில்தான் மணக்க வேண்டும். எனவே மெதடிஸ்ட் குடும்பத்தின் பிள்ளைகள் கோயில் புத்தகத்தில் இல்லாமல் இருந்தாலும் கல்யாணம் இருக்கும். பிள்ளைகள் அவர்களது சபைப் புத்தகத்தில், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஆர்ஜி 4' வரிசையில் கிடைக்கலாம்.

கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த புத்தகத்தை மறக்காதீர்கள். மூன்று ஞாயிறு இரண்டு ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிப்பார்கள். கல்யாணம் எந்த ஊரில் என்று தெரியாதபோது மாப்பிள்ளையின் ஊர் ஓலைப் புத்தகம் பெண்ணின் ஊரைச் சொல்லிவிடும்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி இல்லை. ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுத்த வீடுகள் உண்டு. இன்னொரு பொறி பழைய நாட்காட்டி: 1752க்கு முன் வருஷம் மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1720 ஏப்ரலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1720 பிப்ரவரியில் அடக்கம் என்றிருந்தால், பிறக்கும் முன்னே இறக்கவில்லை. அது நம் கணக்கில் 1721 பிப்ரவரி. 1720/21 என்று எழுதிவையுங்கள்.

புத்தகம் கிழிந்தோ பூச்சி அரித்தோ போயிருந்தால், 1598 முதல் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய நகல்களைக் கேளுங்கள். 1653 முதல் 1660 வரை பல ஊர்களில் பதிவே ஒழுங்காக இருக்காது. மூலங்கள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில். ஹெல்ப்ஸ்டன் மாதிரி கவுண்டி மாறிய ஊர்களுக்கு, பழைய மறைமாவட்டத்தின் காப்பகம் எது என்று பாருங்கள். ஃப்ரீரெக் தளத்தில் தன்னார்வலர்கள் படியெடுத்தவை இலவசம். ஆனால் எல்லா ஊரும் எல்லா ஆண்டும் அதில் இல்லை. எந்த ஆண்டுகள் இருக்கின்றன என்று பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

ஆளைக் கழிப்பது

1851இல் 52 வயது, பண்ணைக் கூலி, ஜான், இன்ன ஊரில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1796 முதல் 1801 வரை தேடுங்கள். அந்த ஊரில் இரண்டு ஜான்: 1797இல் தாமஸ், மேரியின் மகன், 1799இல் வில்லியம், ஆனின் மகன். வயதுக்குப் பொருந்துவது 1799 என்று கையை நீட்டிவிடாதீர்கள். அடக்கப் பதிவேட்டை 1797இலிருந்து வரிவரியாகப் படியுங்கள். 1800இல் 'ஜான், குழந்தை' என்று ஒன்று வரும், தகப்பன் பெயரில்லாமல். எந்த ஜான்? அடுத்து இரண்டு வீட்டிலும் அதற்குப் பிறகு ஜான் என்று இன்னொரு பிள்ளைக்குப் பெயர் வைத்தார்களா பாருங்கள். 1803இல் வில்லியம், ஆன் மறுபடி ஒரு ஜானுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் இறந்தது அநேகமாக அவர்கள் பிள்ளை. அப்படியானால் மிஞ்சுவது 1797இல் பிறந்த தாமஸ் மகன். 1803 ஜானுக்கு 1851இல் 48 வயதுதான் ஆகும். பெயரைத் திரும்ப வைக்கவில்லை என்றால் இரண்டு ஜானையும் கல்யாணம், சென்சஸ், அடக்கம் வரை தனித்தனியாகத் தொடர வேண்டும். சுற்றுவட்டம் பத்து மைல் பாரிஷ்களையும் சேர்த்தே தேடுங்கள். பண்ணையாட்கள் பலர் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி எஜமானை மாற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள்.

இங்கே முட்டுக்கட்டை விழுந்தால் கைகொடுப்பது ஏழ்மையின் காகிதங்கள். 1662 சட்டப்படி உதவி கேட்டவர் எந்த பாரிஷின் பொறுப்பு என்று நீதிபதிகள் முன் விசாரிப்பார்கள். எங்கே பிறந்தேன், யாரிடம் ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தேன், யாரைக் கட்டினேன் என்று எழுத்தறியாத ஒரு கூலியாள் சொன்ன வாக்குமூலம் அந்தத் தாளில் இருக்கும். ஊரைவிட்டு அனுப்பிய உத்தரவு இருந்தால் மனைவி, பிள்ளைகளின் பெயரும் வயதும் சேர்ந்து வரும். தகப்பன் பேரில்லாத குழந்தைக்குச் செலவு கட்ட யாரைப் பிடித்தார்கள் என்பதும் இதே காகிதக் கட்டுக்குள் இருக்கும். இவையும் கவுண்டி காப்பகத்தில்தான், பாரிஷ் பெட்டகக் காகிதங்கள் என்ற தலைப்பில். 1858 ஜனவரி 12க்கு முந்தைய உயில்களைக் கோயில் நீதிமன்றங்கள் வைத்திருந்தன. கூலியாள் உயில் எழுதியிருக்கமாட்டார், பிள்ளையில்லாத பெரியப்பா எழுதியிருப்பார், அண்ணன் தம்பி மக்களை வரிசையாகப் பெயர் சொல்லி.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு ஜான் மிஞ்சினால், இருவரையும் 'ஊகம்' என்று குறித்து, எந்தப் பதிவேட்டை எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள் என்பதைக் கூடவே எழுதி, அந்தக் கிளையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.