இடது சிறுநீரகச் சிரை நசுங்கும் நோய்: கண்டறிவதும் கையாள்வதும்

இடது சிறுநீரகத்தின் சிரை, வயிற்றுப் பெருந்தமனிக்கும் அதிலிருந்து கிளைத்துக் குடலுக்குச் செல்லும் தமனிக்கும் இடையே புகுந்துதான் வலப்பக்கமுள்ள பெருஞ்சிரையைச் சேர்கிறது. அந்த இடுக்கு குறுகி, சிரை நசுங்கித் தொல்லை தருவதையே நட்கிராக்கர் சிண்ட்ரோம் என்கிறார்கள். சிறுநீரில் இரத்தம், இடது விலாவுக்குக் கீழே வலி, ஆண்களுக்கு இடது விதைப்பையில் சிரை வீக்கம், பெண்களுக்கு நாள்பட்ட அடிவயிற்று வலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குவது நல்லது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கு பெறும் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனை நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். சிறுநீரில் இரத்தம் என்றால் கல், தொற்று, கட்டி ஆகியவை இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அரிய நோயை இணையத்தில் படித்துவிட்டு இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

சிறுநீரில் புரதமும் வெளியேறினால், நிமிர்ந்திருக்கும்போது மட்டும் அது கசிகிறதா என்று அறிய, எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரையும் பகலில் நடமாடியபின் கழிப்பதையும் தனித்தனியே சோதிப்பார்கள். முந்திய இரவு படுக்கப்போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் நின்றிருந்தபோது சுரந்ததும் காலைக் குப்பியில் கலந்து முடிவைக் குழப்பிவிடும். மாதவிடாய் நாள்களில் மாதிரி கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது, ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன். நசுங்கிய இடத்தில் இரத்தத்தின் வேகம், சிறுநீரகத்தை ஒட்டிய பகுதியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 5 மடங்குக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு சிடி அல்லது எம்ஆர்ஐ. ஐயம் தீராவிட்டால், குழாய் செலுத்தி, இடது சிறுநீரகச் சிரைக்கும் பெருஞ்சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் பாதரசமோ அதற்கு மேலோ இருப்பது நோயைச் சுட்டும். ஆனால் படத்தில் சிரை குறுகித் தெரிவது மட்டும் நோயாகாது. எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் அப்படித் தெரிவதுண்டு என்பதால், உங்கள் அறிகுறிகளோடு படம் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அறிகுறிகள் லேசாக இருந்தால் பொறுத்திருப்பதே முதல் சிகிச்சை. 18 வயதுக்குட்பட்டோரைக் குறைந்தது 2 ஆண்டுகள் கண்காணிப்பது வழக்கம். வளரும்போது பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒல்லியானவர்களுக்கு எடை கூடுவது இடுக்கைத் தளர்த்தலாம். அதற்காகத் தினமும் பரோட்டாவும் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) என்று இறங்காமல், உணவியல் வல்லுநரைக் கேளுங்கள்.

வலி வாழ்க்கையை முடக்கினாலோ இரத்தப்போக்கால் சோகை வந்தாலோதான் அறுவை சிகிச்சையைப் பேச வேண்டும். சிரையை வெட்டி, பெருஞ்சிரையில் சற்றுக் கீழே இணைப்பது பரவலான முறை. சிரையை உள்ளிருந்து விரித்துவைக்கும் ஸ்டென்ட் குழாய் எளிதாகத் தோன்றினாலும் அது நகர்ந்து இதயம்வரை சென்ற நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆகவே இரண்டாவது மருத்துவக் கருத்தைப் பெறுவது தகும். இரத்தக்கட்டிகள் அடைத்துச் சிறுநீர் வராவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மயக்கமும் சேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.