சேலத்திலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு செல்லத் திட்டமிடும் முறை

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது எந்த நாடு, எவ்வளவு செலவு என்ற இரண்டு கேள்விகளைத்தான். குடும்பமாகச் செல்லும்போது இவ்விரண்டுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது, வீட்டிலேயே மெதுவாக நடப்பவரும் சீக்கிரம் பசியெடுப்பவரும் ஒரு நாளில் எவ்வளவு தாங்குவார்கள் என்பது. எழுபதைத் தாண்டிய பாட்டியும் ஐந்து வயதுப் பேத்தியும் உடன் வரும் பயணத்தை அவர்களுடைய கால்களையும் வயிற்றையும் அளவாகக் கொண்டு வகுத்தால் மற்றவர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள். இளையவர்களின் வேகத்தை அளவாகக் கொண்டால், மூன்றாம் நாளே ஒருவர் விடுதி அறையில் படுத்திருக்க, இன்னொருவர் துணைக்கு உட்கார்ந்திருக்க நேரும்.

இதைத் தெரிந்துகொள்ளச் சேலத்துக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு வசதி இருக்கிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன், உடன் வரப்போகும் அனைவரும் ஒரே வண்டியில் ஏற்காட்டுக்குச் சென்று ஓர் இரவு தங்கி வாருங்கள். அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எந்த வளைவில் பிள்ளையின் முகம் வெளுக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தாத்தாவுக்குக் கழிப்பறை தேவைப்படுகிறது, ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்த பிறகு பகோடா பாயிண்ட்டுக்கும் வருவதற்குப் பாட்டி தயாராக இருக்கிறாரா, புது இடத்துப் படுக்கையில் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்பவற்றையெல்லாம் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறும் படிகளில் யாருடைய முழங்கால் எங்கே நிற்கச் சொல்கிறது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாள் போதும். ஏற்காட்டு வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளையை மலேசியாவின் கேமரன் மலைக்கோ இலங்கையின் நுவரெலியாவுக்கோ சாலை வழியே அழைத்துச் செல்வதற்கு முன் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது அந்த மலைகளையே விட்டுவிட வேண்டும். படிகளில் தடுமாறிய பெரியவர் உடன் வந்தால், நடைபாதைகள் சமமாகவும் ரயில் நிலையங்களில் மின்தூக்கிகளோடும் அமைந்த சிங்கப்பூர் முதல் பயணத்துக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. ஐரோப்பாவை முதல் பயணத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நேரில் சென்று கைரேகை கொடுக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். நீண்ட விமானப் பயணமும் பெரிய நேர வேறுபாடும் முதியவர்களை முதல் சில நாள்கள் சோர வைத்துவிடும்.

பெயரும் இனிஷியலும்

ஆவணங்களில் நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் "மு. கார்த்திக்" என்றும், ஆதாரில் "கார்த்திக் மு" என்றும், வங்கிக் கணக்கில் "கார்த்திக் முருகேசன்" என்றும் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருப்பது இங்கே இயல்பு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது. விரித்தே எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் ஒற்றைச் சொல்லாக எழுதியவர்களுக்கு, பிறகு பயணச்சீட்டு எடுக்கும்போது தொல்லை வருகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பின்னர் பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாக விளக்கம் தந்தது. ஆகவே புதிதாக விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தந்தை பெயரையோ தாய் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், சீட்டில் பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று அந்தந்த விமான நிறுவனத்திடமே கேட்டு, போக, வர இரண்டு சீட்டுகளிலும் விசாவிலும் ஒரே வடிவம் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குச் சேலத்தில் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து நேரம் பெற்றுச் செல்லலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவரின் ஒப்புதல் படிவமும் தேவை. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும், சிறுவர்களுடையது ஐந்தாண்டுதான். பெரும்பாலான நாடுகள் நாம் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்பதால், வீட்டில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பிள்ளையின் பாஸ்போர்ட்டை.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாத நுழைவைத் தந்தது. இது காலவரையறையோடு நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், சீட்டு எடுக்கும் நாளில் அந்நாட்டு அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். இரு நாடுகளிலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல.

எந்த விமான நிலையம்?

சேலத்துக்கு அருகில் காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து உள்நாட்டுச் சேவைகளே உள்ளன. அங்கே ஏறிச் சென்னையிலோ பெங்களூருவிலோ வெளிநாட்டு விமானத்துக்கு மாறுவதாக இருந்தால், இரண்டையும் ஒரே சீட்டாக எடுக்க வேண்டும். தனித்தனிச் சீட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதைத் தவறவிட்ட இழப்பு முழுவதும் நம்முடையதாகிவிடும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களுக்குச் செல்வோர் திருச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாமக்கல் வழியே ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நிலையம் சிறியது என்பதால் முதியவர்களின் நடையும் குறைவு. பெங்களூருவில் விமானங்கள் அதிகம், கட்டணமும் சில நேரங்களில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாம் தொப்பூர், கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாக நகரின் தெற்கே நுழைகிறோம். விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. மாலை நேரத்தில் நகரைக் கடப்பதற்கே சில மணி நேரம் பிடிக்கும். தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டால் அதற்கு மேலும் ஆகும். சீட்டில் மிச்சமாகும் பணத்தோடு வாடகை வண்டி, சுங்கக் கட்டணம், பிள்ளைகளின் களைப்பு ஆகியவற்றையும் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

நடக்கச் சிரமப்படுவோருக்குச் சக்கர நாற்காலியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். "நான் நடந்து வந்துவிடுவேன்" என்று பெரியவர்கள் மறுப்பார்கள். சிங்கப்பூரின் சாங்கி போன்ற பெரிய விமான நிலையங்களில் விமானத்திலிருந்து குடிநுழைவு வரை எவ்வளவு தொலைவு என்பதை முன்பே எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பெட்டிக்குள் என்ன வைப்பது

நம் வீட்டுப் பெட்டிகளில் துணியைவிடச் சாப்பாட்டுப் பொருள்தான் அதிகம் இருக்கும். அதில் தவறும் இல்லை. சேலத்துத் தட்டுவடை, முறுக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி ஆகியவை முதல் இரண்டு நாளைக்குப் பெரிய துணை. ஊறுகாய், புளிக்காய்ச்சல், நெய் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கணக்கிடுவார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் அங்கேயே நின்றுவிடும். எனவே அவற்றை நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை.

எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது கசகசா. குருமாவுக்காக அரைத்து வைத்த மசாலாவில் அது கலந்திருக்கலாம். கசகசா அபினிச் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கண் கொண்டே பார்க்கிறார்கள். மகள் வீட்டுக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தை, அவர் மனம் நோகாமல், எதிரிலேயே பிரித்து, "இதில் என்னென்ன சேர்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். சூயிங்கமும் மின்சிகரெட்டும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாதவை.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி, அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. பெட்டி வந்து சேராவிட்டால் அன்றிரவே ஆபத்து. காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, வங்கி அட்டைகள் பெரும்பாலும் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே இயக்க வேண்டும். ஓ.டி.பி. வருவதற்கு, ஒருவருடைய சிம்மிலாவது ரோமிங் இயங்க வேண்டும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

போய் இறங்கிய பிறகு

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. அங்கே காலை எட்டு மணி என்றால் நம் பிள்ளையின் உடம்புக்கு அது ஐந்தரை மணி. விடுதியில் காலை உணவு பத்து மணிக்கு முடிகிறது என்று எழுப்பினால் அழுவதும், இரவு பதினொன்றுக்கும் தூங்காமல் விளையாடுவதும் இதனால்தான். பிள்ளையைக் கடிந்து பயனில்லை. முதல் இரண்டு நாள்களுக்குக் காலையில் முன்பதிவு எதையும் வைக்காமல், பதினொரு மணிக்கு மேல் வெளியே கிளம்பினால் வீட்டில் சண்டை பாதி குறையும். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று, சிறிய இடம் ஒன்று, நடுவில் இரண்டு மணி நேரம் அறையில் ஓய்வு என்ற கணக்கு குடும்பங்களுக்குச் சரியாக வருகிறது.

மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் முருகன் சிலை 140 அடி; நம் மாவட்டத்துப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் குடமுழுக்குக் கண்ட முத்துமலை முருகன் 146 அடி. அதைவிட ஆறடி கூடுதல் உயரமானவரை ஊரிலேயே கும்பிட்டவர்கள் சிலைக்காக மட்டும் அங்கே போக வேண்டியதில்லை. மேலே இருக்கும் குகைக்கோயில்தான் காண வேண்டியது. ஆனால் அதற்கு 272 செங்குத்தான படிகள் ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் சென்று, ஏறுபவர்கள் ஏற, மற்றவர்கள் கீழே உள்ள சந்நிதிகளில் வழிபட்டு நிழலில் அமரலாம் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால், பாதிப் படியில் மூச்சு வாங்கி நிற்கும் நிலை யாருக்கும் வராது. படிகளில் குரங்குகள் உண்டு. பிள்ளை கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

திரும்பும் நாளுக்கும் பள்ளி திறக்கும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். விமானம் நள்ளிரவில் திருச்சியில் இறங்கினால், பகலெல்லாம் ஓட்டிய ஓட்டுநரை வரச் சொல்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்தவரை ஏற்பாடு செய்யுங்கள். இல்லையெனில் திருச்சியிலேயே தங்கி விடிந்ததும் கிளம்புங்கள். முகவரிடம் தொகுப்புச் சுற்றுலா எடுத்தவர்களிடம் மூலத்தில் வசூலிக்கும் வரியாக ஒரு தொகை பிடித்திருப்பார்கள். பணம் கட்டியவரின் பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ரசீதில் பார்த்து, அந்தத் தொகை வருமான வரித் தளத்தில் அவர் பெயரில் ஏறியிருப்பதை உறுதி செய்துகொண்டு, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியைத் திரும்பப் பெறலாம்.