ஹைப்ரிட் ஃபண்டின் வருமானத்தையும் ரிஸ்க்கையும் மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்கும் கடன் பத்திரமும், சிலவற்றில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்திருக்கும் ஹைப்ரிட் மியூச்சுவல் ஃபண்டுகளைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் பார்ப்பது மூன்றாண்டு வருமானம், ஐந்தாண்டு வருமானம் என்ற இரண்டு எண்களை மட்டுமே. அந்த எண்களில் பொய் இல்லை; ஆனால் அந்த வருமானம் எந்தக் கலவையிலிருந்து வந்தது, எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது என்பவை தெரியாமல் அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஹைப்ரிட் என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லா ஃபண்டுகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2017 அக்டோபரில் வகுத்த பிரிவுகளின்படி, கன்சர்வேட்டிவ் ஹைப்ரிட் ஃபண்ட் 10 முதல் 25 சதவீதம் வரையும், அக்ரெசிவ் ஹைப்ரிட் ஃபண்ட் 65 முதல் 80 சதவீதம் வரையும் பங்குகளில் வைத்திருக்கும். மல்டி அசெட் ஃபண்ட் குறைந்தது மூன்று வகைச் சொத்துகளில், ஒவ்வொன்றிலும் 10 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் போதும். மீதி 70 சதவீதத்தை எங்கே வைப்பது என்பது ஃபண்ட் மேனேஜரின் விருப்பம். சந்தை ஏறும் காலத்தில் அக்ரெசிவ் ஃபண்டும், தங்கம் வேகமாக ஏறிய 2024, 2025 ஆண்டுகளைப் போன்ற காலத்தில் தங்கம் அதிகம் வைத்திருந்த மல்டி அசெட் ஃபண்டும் பட்டியலின் மேலே வருவது திறமைக்குச் சான்றாகாது. எந்தச் சொத்து எவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

பங்கையும் கடனையும் சந்தை நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. பங்கு சார்ந்த ஃபண்டுக்குரிய வரிச் சலுகையைப் பெறுவதற்காக இவற்றில் பெரும்பாலானவை 65 சதவீதத்துக்கு மேல் பங்குகளை வைத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதிக்கு எதிராக பின்னொரு தேதிக்கான விலையை இன்றே ஒப்பந்தம் செய்யும் ஃபியூச்சர்ஸ் சந்தையில் விற்றுவிடுகின்றன. அவ்வாறு ஈடுசெய்யப்பட்ட பகுதி சந்தையோடு சேர்ந்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. ஏறத்தாழ குறுகிய காலக் கடன் பத்திரத்தைப் போலத்தான் ஈட்டும். ஆகவே மொத்தப் பங்கு ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில், ஈடுசெய்யப்பட்ட பகுதியைக் கழித்து நெட் ஈக்விட்டி எனக் குறிக்கப்படும் எண்ணைப் பார்க்க வேண்டும். அதையும் ஒரு மாதத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. சந்தை ஏற ஏறப் பங்கைக் குறைக்கும் ஃபண்டும், எப்போதும் அக்ரெசிவ் ஃபண்டைப் போலவே நடந்துகொள்ளும் ஃபண்டும் இதே பெயரில் விற்கப்படுவதால், சில ஆண்டுகளின் நெட் ஈக்விட்டியை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஃபண்டின் உண்மையான இயல்பு தெரியும்.

ஒப்பிடுவதற்கான அளவுகோலும் கலவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அக்ரெசிவ் ஃபண்டை நிஃப்டி 50 குறியீட்டோடு ஒப்பிட்டுப் பின்தங்கிவிட்டது என்று குறைகூறுவதும், வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிட்டு மகிழ்வதும் ஒரே அளவுக்குப் பிழையானவை. பங்கும் கடனும் 65:35 என்ற விகிதத்தில் சேர்ந்த கலப்புக் குறியீடுகள் இருக்கின்றன; அவற்றிலும் டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்கிடும் டிஆர்ஐ வடிவத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை: ஃபண்ட் தன் பங்குப் பகுதியில் மிட்கேப், ஸ்மால்கேப் எனப்படும் நடுத்தர, சிறிய நிறுவனங்களை அதிகம் வைத்திருந்து, பெருநிறுவனங்களின் குறியீட்டை முந்தியிருந்தால், அந்தக் கூடுதல் வருமானம் கூடுதல் ரிஸ்க்குக்குக் கிடைத்த கூலியாகவும் இருக்கலாம்.

தேதியின் விளையாட்டை நிஃப்டியிலேயே காணலாம். 2020 ஜனவரி நடுவில் ஏறத்தாழ 12,360 புள்ளிகளில் இருந்த அந்தக் குறியீடு, 2020 மார்ச் 23 அன்று 7,610 புள்ளிகளில் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து, 2025 ஜனவரி நடுவிலும் மார்ச் மூன்றாம் வாரத்தின் இறுதியிலும் அது ஏறத்தாழ 23,200, 23,350 என்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நின்றது. ஆனால் ஜனவரியில் பார்த்தவருக்கு ஐந்தாண்டு வருமானம் ஆண்டுக்கு 13 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியும், மார்ச்சில் பார்த்தவருக்கு ஆண்டுக்கு 25 சதவீதமாகவும் தெரிந்திருக்கும். இடைப்பட்ட இரண்டு மாதங்களில் சந்தை எதையும் சாதிக்கவில்லை. கணக்கின் தொடக்கப்புள்ளிதான் பள்ளத்துக்கு இறங்கியது. பங்கு கலந்த எந்த ஃபண்டின் எண்ணிலும் இந்தத் திரிபு அதன் பங்கு அளவுக்கேற்ப இருக்கும். எல்லாத் தொடக்கத் தேதிகளையும் எடுத்துக்கொள்ளும் ரோலிங் ரிட்டர்னில் இந்தத் திரிபு பெருமளவு குறையும். அதிலும் சராசரியை மட்டும் பார்க்காமல், மிக மோசமான மூன்றாண்டுக் காலம் எவ்வளவு தந்தது என்பதைப் பார்ப்பதே நல்லது.

ரிஸ்க்கைக் காட்டும் எண்களிலும் இதே கோளாறு இருக்கிறது, ஆனால் அதைக் கவனிப்பவர்கள் குறைவு. வருமானம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் திட்ட விலக்கமும், எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு கூடுதல் வருமானம் கிடைத்தது என்பதைக் காட்டும் ஷார்ப் விகிதமும் ஃபேக்ட் ஷீட்டில் வருகின்றன; அவை பொதுவாகக் கடந்த 36 மாதங்களின் வருமானத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. 2020 மார்ச் மாதம் அந்தக் கணக்கை விட்டு வெளியேறியதும், 2023 நடுவில் பல ஃபண்டுகள் திடீரென்று அமைதியானவையாகவும் திறமையானவையாகவும் தோன்றின. அவற்றின் முதலீட்டு முறையில் ஒரு மாற்றமும் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. ஃபண்டின் ஆபத்தை நிலைகளாகப் பிரித்துக் காட்டும் செபியின் ரிஸ்கோமீட்டரும் இங்கு அதிகம் உதவாது. அதன் ஆறு நிலைகளில் அக்ரெசிவ் ஃபண்டுகள் பெரும்பாலும் மிக உயர்ந்த நிலையிலேயே இருப்பதால், அவற்றுக்குள் எது கூடுதல் ஆபத்தானது என்று அதைக்கொண்டு பிரித்தறிய முடியாது.

இவற்றைவிட எளிய கணக்கு ஒன்று பயன் தரும். 2020இல் நிஃப்டி உச்சத்திலிருந்து 38 சதவீதம் விழுந்தது. 65 சதவீதம் பங்கு வைத்திருக்கும் ஃபண்ட் அதே போன்ற வீழ்ச்சியில் ஏறத்தாழ 25 சதவீதம் விழக்கூடும். அதாவது 10 லட்சம் ரூபாய் 7.5 லட்சமாகும், பழைய இடத்துக்குத் திரும்ப 33 சதவீத ஏற்றம் தேவைப்படும். இதைத் தாங்க முடியுமா என்பதை முதலீட்டாளர் பணம் போடுவதற்கு முன்பே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் பத்திரப் பகுதி பாதுகாப்பானது என்று ஆராயாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ், 2019இல் டிஎச்எஃப்எல் ஆகிய நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தரத் தவறியபோது, அவற்றின் பத்திரங்களை வைத்திருந்த ஃபண்டுகளின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, திடீரென்று சரிந்தது. அப்படிப்பட்ட ஆபத்து, நிகழும் நாள்வரை திட்ட விலக்கத்தில் தெரிவதே இல்லை. ஆகவே பத்திரங்களின் தரமதிப்பீட்டையும் சராசரி முதிர்வுக் காலத்தையும் மாதாந்தர அறிக்கையில் பார்க்க வேண்டும். பிற ஃபண்டுகளைவிடக் கடன் பகுதியின் ஈட்டு விகிதம் கணிசமாக உயர்ந்திருந்தால், அதை நற்செய்தியாகக் கொள்ளாமல் விசாரிக்க வேண்டிய விஷயமாகக் கொள்வதே சரி.

மாதாமாதம் வந்த பணத்தை வருமானம் என்று எண்ணியவர்களும் உண்டு. 2017 வாக்கில் பேலன்ஸ்டு ஃபண்டுகள் மாத டிவிடெண்டைக் காட்டி, குறிப்பாக ஓய்வுபெற்றோரிடம், பரவலாக விற்கப்பட்டன. அந்தத் தொகை வழங்கப்படும்போதெல்லாம் என்ஏவி அதே அளவு குறையும். 2021 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் என்ற பெயரை மாற்றி, முதலும் அதில் திரும்பி வரக்கூடும் என்பதைப் பெயரிலேயே செபி குறிப்பிடச் செய்தது. வருமானத்தை ஒப்பிடும்போது லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே விட்டுவைக்கும் குரோத் பிளானை குரோத் பிளானோடும், இடைத்தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானை டைரக்ட் பிளானோடும்தான் ஒப்பிட வேண்டும்.

வரியைக் கழிக்காமல் ஒப்பிடுவதும் படத்தை மாற்றிவிடும். 65 சதவீதமோ அதற்கு மேலோ இந்தியப் பங்குகளில் வைத்திருக்கும் ஃபண்டை ஓராண்டுக்குப் பின் விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி என்பது 2024 ஜூலை 23 முதல் வந்த விதி. கன்சர்வேட்டிவ் ஃபண்டில் 2023 ஏப்ரல் 1 அன்றோ அதன் பிறகோ வாங்கிய யூனிட்டுகளின் லாபமோ, எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், முதலீட்டாளரின் வருமான வரி வரம்புக்கேற்பவே வரிக்கு உட்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதில் கிடைக்கும் 9 சதவீதம், வரியின் மேல் விதிக்கப்படும் செஸ்ஸைக் கணக்கில் எடுக்காமலே, 6.3 சதவீதமாகிவிடுகிறது.